பழைய துணி, வெளியில தெரியற தையல்: லூயீஸ் பூர்ஷ்வா எதுக்கு அப்படி தச்சாங்க?

ஒரு மியூசியம் போட்டோல கண்ணாடிப் பெட்டிக்குள்ள ரோஸ் கலர் துணியில தச்ச ஆளுங்க ஒருத்தரை ஒருத்தர் கட்டிப்பிடிச்சு படுத்திருக்கறத பாத்தேன், கீழ லூயீஸ் பூர்ஷ்வான்னு பேரு இருந்தது, தையல் எல்லாம் கோணலும் மாணலுமா வெளியில தெரியுது, தைக்கத் தெரியாதவங்க செஞ்ச பொம்மை மாதிரி இருக்கே இதை எப்படி சிற்பம்னு சொல்றாங்கன்னு கேட்டிருக்கீங்க. கூடவே அம்மாவோட பழைய காட்டன் புடவை ஒண்ணு பீரோல கிடக்கு, அதுல இந்த மாதிரி ஒரு உருவம் செஞ்சு பாக்க ஆசையா இருக்கு, எங்கேருந்து ஆரம்பிக்கறதுன்னும் கேட்டிருக்கீங்க. நான் ரொம்ப வருஷமா தையல் சொல்லிக்கொடுக்கறேன், 2022ல லண்டன் ஹேவர்ட் கேலரியில இவங்களோட துணி வேலைகளை மட்டும் வச்சு ஒரு பெரிய கண்காட்சி நடந்தப்ப போய் பாத்தவ, அதனால கொஞ்சம் விரிவாவே எழுதறேன், பொறுமையா படிங்க.

முதல்ல அந்த "தைக்கத் தெரியாதவங்க" விஷயத்தை பேசிடுவோம், ஏன்னா மொத்த பதிலும் அதுக்குள்ளதான் இருக்கு. பூர்ஷ்வா பிரான்ஸ்ல பொறந்து அமெரிக்காவுல வாழ்ந்த சிற்பி. பொறந்தது 1911 டிசம்பர் 25, பாரிஸ்ல. குடும்பத் தொழிலே பழைய டேபிஸ்ட்ரிகளை சரிபண்றது. டேபிஸ்ட்ரின்னா பிரிண்ட் கிடையாது, எம்பிராய்டரியும் கிடையாது, மரம் மனுஷங்க குதிரை வேட்டைன்னு படம் முழுக்க நெசவுலயே வர்ற கனமான கம்பளித் துணி, அந்த காலத்துல அரண்மனை சுவர்ல தொங்கவிட்டிருப்பாங்க. அம்மா ஜோசஃபீனோட குடும்பம் இந்த நெசவுக்கு பேர் போன ஓபுஸோன் ஊர்ப் பக்கம். அப்பா லூயி ஊர் ஊரா அலைஞ்சு நைஞ்சு போன பழைய டேபிஸ்ட்ரிகளை வாங்கிட்டு வருவாரு, அம்மா பட்டறைய நடத்தி அதையெல்லாம் புதுசாக்குவாங்க, பாரிஸ்ல இருந்த கடையில விப்பாங்க. பட்டறை அந்தோனிங்கற ஊர்ல, பியேவ்ர் ஆத்தங்கரையில. அந்த ஆத்து தண்ணியில டானின்ங்கற துவர்ப்புப் பொருள் இருந்ததால கம்பளிக்கு சாயம் நல்லா பிடிக்கும், அதுக்காகவே அந்த இடம். டேபிஸ்ட்ரிய ஆத்துல முக்கி அலசி, ஈரத்தோட கனம் தாங்காம ரெண்டு மூணு பேர் சேந்து முறுக்கிப் பிழியறதை சின்ன வயசுல பாத்தது அவங்க மனசுலேருந்து கடைசி வரைக்கும் போகவே இல்ல, அவங்க வேலைகள்ல திரும்பத் திரும்ப வர்ற அந்த சுருள் வடிவத்துக்கு அதுவும் ஒரு காரணம்னு அவங்களே சொல்லியிருக்காங்க.

இந்த டேபிஸ்ட்ரிகள்ல முதல்ல நைஞ்சு போறது எப்பவுமே கீழ்ப்பக்கம்தான். தரைய ஒட்டி தொங்கும், ஈரம் ஏறும், கால்ல படும். அதனால படத்துல இருக்கற மனுஷங்களுக்கெல்லாம் பாதமே இருக்காது! வழக்கமா வர்ற படம் வரையற ஆள் ஒரு தடவை வரலன்னு, அம்மா இந்தப் பொண்ண கூப்பிட்டு, காணாம போன பாதங்களை நீ வரைஞ்சு குடு, அத பாத்து நாங்க நெய்யறோம்னு சொல்லியிருக்காங்க. சின்னப் பொண்ணு, பாதம் வரையறதுல ஆரம்பிச்சது இவங்க கலை. இன்னொரு விஷயமும் நடந்திருக்கு, பழைய டேபிஸ்ட்ரில அம்மணமா குட்டி தேவதைங்க இருக்கும், வாங்கற பணக்கார அமெரிக்கக்காரங்க சிலருக்கு அது பிடிக்காதுன்னு அம்மா அந்த இடத்தை மட்டும் ஜாக்கிரதையா வெட்டி எடுத்துட்டு பூங்கொத்தை நெய்து வச்சுடுவாங்களாம், வெட்டுன துண்டுகளை தூக்கியும் போடாம எடுத்து வச்சிருந்தாங்களாம்.

இப்ப யோசிச்சு பாருங்க. டேபிஸ்ட்ரி சரிபண்ற வேலையோட முதல் சட்டமே சரிபண்ணது தெரியக்கூடாது. அறுந்த பாவு நூலை, அதாவது தறியில நீளவாக்குல கட்டற நூலை, திரும்பக் கட்டணும், பழைய கலருக்கு சரியா ஒத்துப்போற மாதிரி கம்பளிய சாயம் போடணும், பழைய இழையோட புது இழை கலக்கற இடம் விரல் வச்சு தடவினாக்கூட தெரியாத மாதிரி நெய்யணும். அப்படி தெரியாம தைக்கறவங்க நாலா பக்கமும் உக்காந்திருந்த வீட்டுல வளந்த ஒருத்தங்க, எண்பது வயசு தாண்டினப்புறம் ஊசிய எடுத்து, பிளவு தெரியற மாதிரி, ஆபரேஷன் பண்ணி தையல் போட்ட வயிறு மாதிரி வெளிப்பக்கமா தைக்கறாங்கன்னா அது தெரியாம செஞ்சது கிடையாது. அது ஒரு முடிவு.

நடுவுல இருந்த வாழ்க்கைய சுருக்கமா சொல்லிடறேன். வீட்டுல பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்குடுக்க வந்த டீச்சர் அப்பாவோட காதலி ஆகி பல வருஷம் அதே வீட்டுலயே இருந்தாங்க, அம்மாவும் தெரிஞ்சே பொறுத்துக்கிட்டாங்க, அந்த காயம் இவங்களுக்கு சாகற வரைக்கும் ஆறல. அம்மா நோயாளி, பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டது இவங்கதான், 1932ல அம்மா இறந்துட்டாங்க. பாரிஸ் சோர்போன் பல்கலைக்கழகத்துல கணக்கு படிச்சிட்டிருந்தவங்க அத விட்டுட்டு கலை பக்கம் வந்தாங்க. 1938ல ராபர்ட் கோல்ட்வாட்டர்ங்கற அமெரிக்க கலை வரலாற்று அறிஞரை கல்யாணம் பண்ணிட்டு நியூயார்க் போனவங்க அங்கேயே இருந்துட்டாங்க, மூணு பசங்க. மரம், பிளாஸ்டர், ரப்பர் பால், மார்பிள், வெண்கலம்னு எல்லாத்துலயும் வேலை செஞ்சாங்க, ஆனா பேர் வந்தது ரொம்ப லேட்டு, நியூயார்க் மாடர்ன் ஆர்ட் மியூசியம் இவங்க மொத்த வேலையையும் வச்சு கண்காட்சி நடத்தினது 1982ல, அப்ப வயசு எழுபது. உலகத்துல நிறைய பேருக்கு இவங்கள தெரியறது அந்த ராட்சச ஸ்டீல் சிலந்தியாலதான், 1999ல செஞ்சது, 9 மீட்டருக்கு மேல உயரம், பேரு "மமான்", ஃபிரெஞ்சுல அம்மான்னு அர்த்தம். சிலந்தி ஏன் அம்மான்னா, அது நெய்யும், வலை கிழிஞ்சா கோவப்படாம திரும்ப உக்காந்து நெய்யும். பட்டறையில உக்காந்திருந்த ஜோசஃபீன்தான் அது.

துணிக்கு வந்தது 1990கள் நடுவுல. இவங்க எதையும் தூக்கிப் போடாத ஆளு, சின்ன வயசு டிரஸ்லேருந்து அம்மாவோட உள்பாவாடை, கல்யாணத்துக்கு கொண்டு வந்த டவல், நாப்கின் வரைக்கும் நியூயார்க் வீட்டு மாடியில அலமாரி அலமாரியா இருந்திருக்கு. உதவியாளர் ஜெர்ரி கோரோவாயை விட்டு அதையெல்லாம் கீழ இறக்கச் சொல்லி, கலர் கலரா பிரிச்சு வைக்கச் சொல்லியிருக்காங்க. அலமாரில இருக்கற துணியோட வடிவம், கனம், நிறம், வாசனை இத வச்சே ஒருத்தர் தன்னோட மொத்த வாழ்க்கையையும் சொல்லிட முடியும்ங்கற மாதிரி எழுதி வச்சிருக்காங்க. இது எவ்வளவு உண்மைன்னு பழைய பீரோவ தொறந்த யாருக்கும் தெரியும்.

முதல்ல துணிகளை வெட்டவே இல்ல, அப்படியே தொங்கவிட்டாங்க. 1996ல செஞ்ச ஒரு வேலையில நடுவுல ஒரு ஸ்டீல் கம்பம், அதுலேருந்து கை கையா நீட்டிட்டிருக்கு, ஒவ்வொண்ணுலயும் பழைய சில்க் உள்ளாடை, கவுன்னு தொங்குது, ஹேங்கர் என்னன்னு கிட்ட போய் பாத்தா மாட்டு எலும்பு. மெல்லிசு துணி, அதுக்குள்ள எலும்பு. ஒரு உடம்பு வேற என்ன? அந்த ஒரே வேலை பாத்தா போதும், இது தையல் வேலையா சிற்பமான்னு எனக்கு அப்புறம் சந்தேகமே வரல.

அதுக்கப்புறம்தான் வெட்டித் தைக்க ஆரம்பிச்சாங்க. நீங்க பாத்த ரோஸ் கலர் வேலை 2001ல செஞ்சது, "செவன் இன் பெட்". ஒரு படுக்கை, ஏழு பேர், எல்லாரும் அம்மணமா ஒட்டிக்கிட்டு முத்தம் கொடுத்துட்டு படுத்திருக்காங்க. போட்டோல பெருசா தெரியும், ஆனா நிஜத்துல அது குழந்தைங்க பொம்மைக் கட்டில் மாதிரி சின்னதுதான். ஏழு பேர்தானேன்னு தலைய எண்ணிப் பாருங்க, ஏழுக்கு மேல வரும், சில பேருக்கு முன்னாடி ஒரு மூஞ்சி பின்னாடி ஒரு மூஞ்சி. ஒருத்தருக்கு முத்தம் கொடுத்துட்டே இன்னொரு பக்கமும் பாக்கற மூஞ்சி. அப்பா கதைய தெரிஞ்சுகிட்டு பாத்தா அந்த ரெட்டை மூஞ்சி சும்மா வரலன்னு புரியும். ஞாயித்துக்கிழமை காலையில பசங்க எல்லாம் அப்பா அம்மா படுக்கையில ஏறி விழுந்து புரள்ற சந்தோஷமும் அதுல இருக்கு, யார் யாரோட படுக்கைங்கற சந்தேகமும் அதுலயே இருக்கு.

சரி, தையலுக்கு வருவோம், இதுதான் எனக்கு நல்லா தெரிஞ்ச இடம். தட்டையா இருக்கற துணிய உருண்டையாக்கறது சாதாரண வேலை இல்ல. நாம பிளவுஸ்க்கு டார்ட், அதாவது கூம்பா மடிச்சுத் தைக்கற மடிப்பு, பிடிக்கறது அதுக்குத்தான், தட்டைத் துணியில மேடு கொண்டு வர. ஆனா பிளவுஸுக்கு உள்ள ஒரு உடம்பு இருக்கு, அது வடிவத்தை குடுத்துடும். இங்க உள்ள பஞ்சு மட்டும்தான். பஞ்ச இறுக்கி அடைச்சா துணி எந்தப் பக்கம் இழுத்துக்குடுக்குமோ அந்தப் பக்கம்தான் உப்பும், நேர் இழையில வெட்டுன துண்டு விரைச்சு நிக்கும், கிராஸ்ல, அதாவது இழைக்கு சாய்வா, வெட்டுனது தொப்பை போடும். தாடைக்கு கீழ, அக்குள், தொடை இடுக்கு மாதிரி உள்வாங்கற இடங்கள்லதான் இழுப்பு ஜாஸ்தி, தையல் அங்கதான் பிளக்கப் பாக்கும். கடையில விக்கற பொம்மைய எல்லாம் உள்பக்கமா தச்சுட்டு திருப்பிப் போட்டு பஞ்சு அடைப்பாங்க, அதனால தையல் உள்ள மறைஞ்சுடும். பூர்ஷ்வா பல வேலைகள்ல அப்படி செய்யல. துண்டு துண்டா சேத்து, வெளிப்பக்கமா, கையாலேயே ஓரத்தை சுத்தி சுத்தி தச்சிருக்காங்க, சில இடத்துல நூல் கலரும் துணியோட சேராது. அதனால எந்த துண்டு எங்க முடியுது, எந்த இடத்துல இழுப்பு வந்தது, எங்க பிளக்கப் பாத்து திரும்ப ரெண்டு தையல் போட்டிருக்கு எல்லாம் கண்ணுக்கு தெரியுது. துணியும் டர்க்கி டவல் மாதிரி பூப்பூவா இருக்கற துணி, பழைய பனியன் துணி, இந்த மாதிரி தோலுக்கு பக்கத்துல இருக்கற துணிதான் நிறைய. தோலுக்கு பதிலா தோல் தொட்ட துணி.

ஹேவர்ட்ல நான் ரொம்ப நேரம் நின்னது தலைகள் முன்னாடி. கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒவ்வொண்ணா தலை மட்டும், கழுத்தோட, கிட்டத்தட்ட நிஜ அளவு. அதுல ஒண்ணு பழைய டேபிஸ்ட்ரித் துண்டுகளால தச்சது. கன்னத்துல ஒரு துண்டு, நெத்தியில வேற துண்டு, மூக்கு தனியா, நெசவு ஒவ்வொரு துண்டுலயும் ஒவ்வொரு பக்கமா ஓடுது, வாய் மட்டும் கொஞ்சம் திறந்து உள்ள இருட்டா இருக்கு. வாயோரம் தையல் ரொம்ப நெருக்கமா இருந்தது, கழுத்துப் பக்கம் போகப் போக நீளமா அவசரமா போட்ட மாதிரி ஆயிடுச்சு. சிரிக்குதா கத்துதா மூச்சு விடுதான்னு சொல்ல முடியல. ஒரு பக்கம் நின்னா வலியில இருக்கற மாதிரி, மறுபக்கம் வந்தா என்னவோ சொல்ல வாயெடுத்த மாதிரி. அம்மா பட்டறையில வந்த துணிய முழுசா ஆக்கி அனுப்பின அதே வகைத் துணி, இங்க பொண்ணு அத துண்டாவே வச்சு மூஞ்சி ஆக்கியிருக்காங்க, ஒட்டு போட்டது ஒட்டாவே இருக்கு. கல்லுல இத செஞ்சிருந்தா இப்படி இருந்திருக்காதுன்னு அடிச்சு சொல்வேன். கல்லுல செதுக்கறவர் வேண்டாததை எடுத்துப் போடறாரு, இவங்க பிரிஞ்சு கிடந்ததை சேக்கறாங்க, சேத்த இடம் எல்லாமே வெளியில இருக்கு.

ஊசிய பத்தி அவங்க சொன்னது பிரபலம். நான் வளந்த வீட்டுல எல்லா பொம்பளைங்க கையிலயும் ஊசி இருந்தது, ஊசி சேதத்தை சரிபண்ணும், அது மன்னிப்பு கேக்கற மாதிரி, குண்டூசி மாதிரி குத்தறதுக்கு இருக்கற பொருள் இல்லன்னு. இத நிறைய பேர் அழகா எடுத்துப் போடறாங்க, ஆனா அந்த வேலைகளை நேர்ல பாத்தா ஊசி குத்தவும் செய்யுதுன்னு தெரியும், குத்தாம தைக்க முடியாது. 1997ல செஞ்ச "கப்பிள் 4"ல கருப்புத் துணியில தச்ச ஒரு ஜோடி, தலை கிடையாது, ஒருத்தர் மேல ஒருத்தர் படுத்திருக்காங்க, அதுல ஒரு உருவத்துக்கு நிஜமான செயற்கைக் கால் மாட்டியிருக்கு, எல்லாம் பழைய மரக் கண்ணாடி பீரோவுக்குள்ள. அன்பா, நெரிக்கறதா, ஊனமா? அதுக்கு பதில் சொல்ல எனக்கு தோணல, பாத்துட்டு நகர முடியாம நின்னேன், அவ்வளவுதான். சில உருவங்களை மேலேருந்து தொங்கவும் விட்டிருக்காங்க, துணி உருவம் தொங்கினா லேசா சுத்தும், கால் தரையில படாது, பாக்கறவங்களுக்கே ஒரு பிடிமானம் இல்லாம போகும்.

இவங்கதான் முதல் ஆளான்னா இல்ல. நியூயார்க் கிரீன் கேலரியில 1962லயே க்ளேஸ் ஓல்டன்பர்க் ராட்சச துணி பர்கர், கேக் துண்டு, ஐஸ்கிரீம் கோன் எல்லாம் வச்சு கலக்கியிருக்காரு, அத மெஷின்ல உக்காந்து தச்சது அப்ப அவரோட மனைவியா இருந்த பாட்டி முஹா (Patty Mucha), அவங்க பேரு ரொம்ப காலம் வெளியில வரவே இல்ல, தையல்காரங்க எல்லாரும் கோவப்பட வேண்டிய விஷயம் இது. அதே வருஷம் அதே கேலரியில யயோய் குசாமா ஒரு சோஃபா நாற்காலி முழுக்க பஞ்சடைச்ச துணிப் புடைப்பா தச்சு வச்சாங்க. டொரோதியா டானிங் 1970லேருந்து 1973 வரைக்கும் ஒரு ஹோட்டல் ரூமையே செஞ்சாங்க, சுவத்தைக் கிழிச்சிட்டு துணி உடம்புங்க வெளியில வருது, அது பாரிஸ் பொம்பிடூ சென்டர்ல இருக்கு. இவங்க எல்லாருமே எனக்கு பிடிக்கும். ஆனா ஓல்டன்பர்க்கோட பர்கருக்கு எந்த துணியா இருந்தாலும் ஓகே, கான்வாஸ் ஒரு ரோல் வாங்கினா போதும். பூர்ஷ்வாவுக்கு எந்த துணிங்கறதுதான் விஷயமே. பூர்ஷ்வாவுக்கும் பிற்காலத்துல தைக்க உதவிக்கு ஒரு தையல்காரம்மா இருந்தாங்க, அப்ப பூர்ஷ்வாவுக்கு வயசு தொண்ணூறு கிட்ட, ஆனா எந்த துண்டு எதோட சேரணும்ங்கறது பூர்ஷ்வா கையிலதான் இருந்தது.

ஒரு வேலைய மட்டும் நீங்க கட்டாயம் தேடிப் பாக்கணும், 2002ல செஞ்ச துணிப் புத்தகம், "ஓத் அ லுப்ளி", மறதிக்கு ஒரு பாட்டுன்னு அர்த்தம் வரும். கல்யாண சீரா வந்த லினன் டவல், நாப்கின்தான் பக்கங்கள், சில பக்கத்துல அவங்க பேரோட முதல் எழுத்துக்கள் எம்பிராய்டரி போட்டது அப்படியே இருக்கும், புத்தகம் செய்யறதுக்கு 64 வருஷம் முன்னாடி கல்யாணத்துக்கு வந்த துணி! அது மேல பழைய டிரஸ்லேருந்து வெட்டின துண்டுகளை வட்டமா, கட்டமா, பட்டை பட்டையா பின்னி தச்சு வச்சிருக்காங்க. ஒட்டு சேத்து தைக்கறது, மடிப்பு எடுக்கறது, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கறது, இழை மாத்தி பின்றதுன்னு ஒரு தையல் கிளாஸ் நோட்டு மாதிரியே இருக்கும். பக்கத்து ஓரத்துல காஜா எடுத்து கட்டியிருக்கறதால பிரிச்சு தனித்தனியாவும் வைக்கலாம். நியூயார்க் மாடர்ன் ஆர்ட் மியூசியம் வெப்சைட்ல பக்கம் பக்கமா பாக்கலாம். அவங்க 2010 மே 31ல இறந்தாங்க, 98 வயசு, கடைசி வரைக்கும் துணியோடதான் இருந்தாங்க.

இப்ப உங்க புடவை. முழு உருவம் வேண்டாம், முதல்ல ஒரு தலையோ கையோ செய்ங்க. பழைய காட்டன் புடவை நைஞ்சிருக்கும், தனியா பஞ்சு அடைச்சா தையல் போட்ட இடத்துல இழை விலகிடும், அதனால உள்ளுக்கு ஒரு பழைய பனியன் துணியில உருவத்தை தச்சு ஃபைபர் பஞ்சு இறுக்கி அடைச்சுக்கோங்க, ஓரத்துலயும் மூக்கு நுனியிலயும் முதல்ல அடைங்க, நடுவுல கடைசியா, இல்லன்னா நுனி வெத்தா தொங்கும். அது மேல புடவைத் துண்டுகளை வச்சு வச்சு கையால தைங்க, மெஷின் வேண்டாம். வளைவு வர்ற இடத்துல கிராஸ்ல வெட்டின துண்டு, நேரா நிக்க வேண்டிய இடத்துல நேர் இழை. ரெட்டை நூல் போடுங்க. தையல் தெரியக்கூடாதுன்னு கஷ்டப்படாதீங்க, ஆனா தெரியற தையல் பிடிப்பா இருக்கணும், பூர்ஷ்வாவோடது கோணலா தெரிஞ்சாலும் இத்தனை வருஷமா பிரியாம இருக்கு.

கத்திரி வைக்கறதுக்கு முன்னாடி புடவைய வெளிச்சத்துக்கு நேரா ஒரு தடவை விரிச்சுப் பிடிச்சு பாருங்க. கொசுவம் சொருகற இடத்துல கலர் மங்கியிருக்கும், முந்தானைய கை துடைச்ச இடம் தனியா தெரியும், ஃபால்ஸ் தச்ச கீழ் ஓரம்தான் எல்லாத்தையும் விட அதிகமா நைஞ்சு போயிருக்கும், அந்த டேபிஸ்ட்ரிகள்ல பாதம் காணாம போன மாதிரியே. நல்லா இருக்கற நடுப்பகுதிய மட்டும் எடுத்துட்டு இதையெல்லாம் ஒதுக்கணும்னுதான் கை போகும். அந்த ஓரத்துலேருந்து ஒரு துண்டை முதல்ல வெட்டி தனியா எடுத்து வைங்க, மூஞ்சிக்கு அத போடுங்க.